பெற்றவளுக்கு ஜக்காத் கிடையாது

அன்வருக்கு அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. ஓசூர் வீட்டில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் கலர் டி.வி. நலமாக இருந்தால் நீயும் நலமாகத்தான் இருப்பாய். இந்த மாதம் நீ எனக்கு அனுப்பிய மணியார்டர் இதற்குள் உன்னிடமே திரும்பி வந்திருக்கும். விலாசம் தப்பு, ஆள் ஊரில் இல்லை என்றெல்லாம் நினைத்துத் தபால் ஆபீஸ் மேல் பாயாதே. ஆள் ஊரில்தான் இருந்தாள். வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். போஸ்ட்மேன் சைக்கிளை நிறுத்தி, "யம்மா, மகன் பணம் வந்திருக்குதுங்க, ஒரு கையெழுத்து போடுங்க" என்றார். "திருப்பி அனுப்பிடுங்க சார்" என்றேன். அவர் சிரித்தார். நான் எப்போதும் ஏதாவது விளையாட்டாகப் பேசுகிறவள் என்று அவருக்குத் தெரியும். "நோன்பு முடிஞ்சும் பட்டினி கெடக்கப் போறீங்களா?" என்று கேட்டார். "நெசமாத்தான் சார் சொல்றேன், வேணாம்." "காரணம் என்னான்னு எழுதணுமேம்மா." "ஆள் இருக்கா, ஆனா பிச்சக்காரி இல்லைன்னு எழுதிக்குங்க." மனுஷன் சிரிப்பதை நிறுத்திவிட்டார். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் என்ன எழுதி அனுப்பினாரோ, எனக்குத் தெரியாது. நான் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் அவருக்குப் புண்ணியம்.

எனக்கு எழுத்து வேலை வராது என்பது உனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுதுவதற்குள் ஒரு கூடைப் புளி தட்டிவிடலாம். வாயால் சொல்லலாம் என்றால், என் வாயைத் திறந்தாலே வேடிக்கை வந்துவிடுகிறது. எல்லாரும் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறீர்கள். பெருநாள் அன்றைக்கும் அதுதான் நடந்தது. நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய், அம்மாவுக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாய். அது தப்பு முடிவு. அதைத் திருத்தத்தான் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். படிக்கும்போது சிரிப்பு வந்தால் வரட்டும், ஆனால் நான் சிரித்துக்கொண்டு எழுதவில்லை என்பதை மறந்துவிடாதே.

பெருநாள் தொழுகை முடிந்து நீ புதுச் சட்டையோடு வந்து உட்கார்ந்தாய். பின்னாலேயே முத்தவல்லி பாய் வந்தார். பள்ளிவாசல் பொறுப்பில் இருக்கிறவர், அவர் பத்து வீட்டுக்குப் போய் சேமியாப் பாயாசம் குடித்தாக வேண்டும், நம் வீட்டுக்கும் வந்தார். கூட இன்னும் இரண்டு மூன்று பேர். தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு உன்னிடம் மெல்லத்தான் கேட்டார்: "தம்பி, ஜக்காத்து இந்த வருசம் எப்படி? நம்ம தெருவுல ரெண்டு மூணு வூடு கஷ்டத்துல இருக்குது." நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. கம்பெனியில் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி பதில் சொன்னாய். "எல்லாம் வூட்டுக்குள்ளயே குடுத்துட்டேன் பாய். மாசாமாசம் அம்மாவுக்கு மணியார்டர் பண்றேன்ல, அதையே ஜக்காத்துல கழிச்சுட்டேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாய். அந்த நேரத்தில் நான் பாயாசக் குண்டானும் கரண்டியுமாக நின்றுகொண்டிருந்தேன். ஊருக்கு முன்னால் என்ன செய்வேன்? "ஆமாங்க பாய், எங்க வூட்டு ஏழை மிஸ்கீன் நாந்தான். இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டுங்களா, இல்ல அதையும் கணக்குல எழுதிக்குவீங்களா?" என்றேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். முத்தவல்லி பாய் மட்டும் சிரிக்கவில்லை. தம்ளருக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். பெற்ற தாய்க்கு ஜக்காத் கொடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? எனக்கே தெரியும். உன்னை நாலு பேர் எதிரில் திருத்த வேண்டாம் என்று, மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டார். பாயாசத்தை முழுக்கக் குடிக்காமலே எழுந்துவிட்டார். உள்ளே சட்டியில் ஏதோ கருகுகிற வாடை வந்தது. உன் அக்கா பூரியைத் திருப்பாமல் நின்றிருக்கிறாள்.

இப்போது சொல்கிறேன், கேள். ஜக்காத் வாங்குவது கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் வாங்கியிருக்கிறோம். உன் அத்தா வளையல் மூட்டையோடு வத்தல்மலை ஏறி இறங்கி, காய்ச்சலில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். அந்த ரம்ஜானுக்கு அரிசிக்கடை மாமி நம் வீட்டுக்கு வந்தார். ஆள் வைத்து அனுப்பவில்லை, அவரே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புழக்கடை வழியாக வந்தார். அரிசியையும், உங்கள் இரண்டு பேருக்கும் துணியையும் அடுப்பங்கரையில் வைத்தார். நான் வாய் திறக்கும் முன்னால் அவரே சொன்னார்: "ஒண்ணும் சொல்லாதம்மா. இது உங்க பங்கு. எங்கிட்ட வந்து தங்கிப்போச்சு. இத்தினி நாளு வெச்சிருந்ததுக்கு நீதான் என்னைத் திட்டணும்." நான் எப்படித் திட்டுவேன்? "வட்டி எங்க மாமி?" என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன், இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நீ அந்தப் பெருநாளைக்குத் தெருத்தெருவாகச் சுற்றினாய். பெருநாள் காசு தருகிறவர்களிடம் ஒருதரம் வாங்கிவிட்டு, சந்துக்குள் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு, தலையைக் கலைத்துக்கொண்டு அதே ஆளிடம் மறுபடியும் போய்க் கை நீட்டியவன் நீ. அன்றைக்கு ஒரே ஆளிடம் இரண்டு தரம் வாங்கினாய். இன்றைக்கு ஒரே பணத்தை இரண்டு தரம் கொடுக்கிறாய். அன்றைக்கு நான் ரசித்தேன். இன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஆமாம், இரண்டு தரம்தான். மகன் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறான் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள், அது ஒரு பேர். அதே பணத்தை ஏழைக்குக் கொடுத்ததாக அல்லாவிடம் கணக்குக் காட்டுகிறாய், அது இன்னொரு பேர். பணம் ஒன்று, பேர் இரண்டு. உன் கம்பெனியில் ஒருத்தன் இப்படிச் செய்தால் வாட்ச்மேனைக் கூப்பிட்டு வெளியே தள்ளமாட்டார்களா? நீ எனக்கு அனுப்புவது தானம் இல்லை அன்வர். நீ குழந்தையாக இருந்தபோது உனக்குச் சோறு ஊட்டிவிட்டு, இன்றைக்கு ஒரு ஏழைக்குச் சோறு போட்டேன் என்று நான் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அப்படித்தான் இதுவும். எனக்கு நீ தருவது உன் கடமை. உன் வீட்டில் இருக்கிற நகைக்கும் சீட்டுப் பணத்துக்கும் நாற்பதில் ஒரு பங்கு ஏழையுடையது. ஒன்றை இன்னொன்றில் கழிக்க முடியாது. முடியாது என்றால், பள்ளிவாசல் ஹஜரத் சொன்னதால் முடியாது என்பது மட்டுமில்லை. கழித்தால் நான் உன் அம்மா இல்லாமல் போய்விடுகிறேன். உன் வாசலில் வந்து நிற்கிற யாரோ ஒருத்தியாகிவிடுகிறேன்.

பணம் பற்றவில்லை என்று நீ சொல்வாய். ஓசூரில் வாடகை ஜாஸ்தி, பால் ஜாஸ்தி, குழந்தைக்கு டாக்டர் செலவு. எல்லாம் எனக்குத் தெரியும். பற்றாத பணத்தில் குடும்பம் நடத்தியவளிடமே பற்றாக்குறை பற்றிப் பேசுகிறாயா? பற்றவில்லை என்றால், "அம்மா, இந்த மாசம் பாதிதான் அனுப்ப முடியும்" என்று எழுது. நான் என்ன, உன் மேல் கேஸா போடப்போகிறேன்? "இந்த மாதம் ஒன்றும் இல்லை" என்றுகூட எழுது. கேழ்வரகுக் களியும் புளிச்சாறும் எங்களுக்குப் புதுசா? ஆனால் டி.வி. தவணையில் ஒரு பைசா குறைத்தாயா? மொபெட் தவணையை ஒரு மாதம் தள்ளிப்போட்டாயா? போடமாட்டாய். கடைக்காரன் உன் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவான், அக்கம்பக்கம் பார்க்கும். நாங்கள் கத்தமாட்டோம். கத்துகிறவனுக்கு முதல் தேதி, கத்தாதவர்களுக்குக் கழித்தல். இப்படித்தான் உன் குடும்பக் கணக்கு நடக்கிறது. என்னைக் கேட்டால், ரம்ஜான் பிறை தெரிவதற்கு முன்னாலேயே அந்த நாற்பதில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடு என்பேன். எடுத்து வைத்தபின் மிச்சம் இருப்பதுதான் உன் பணம். அதில் துணி எடு, பிரியாணி போடு, மிச்சம் போதாவிட்டால் பெருநாளைக்குப் பழைய சட்டையையே துவைத்துப் போட்டுக்கொண்டு தொழப் போ. தொழுகையில் உன் சட்டையைப் பார்க்கிறவன் தொழ வந்தவன் இல்லை.

இதில் உன் மனைவியை இழுக்காதே. "அவதான் சொன்னாம்மா" என்று எழுதினாயானால் அந்தக் கடிதமும் திரும்பி வரும். நகை அவளுடையது, கணக்கு போட்டது நீ.

இத்தனைக்கும் உன் அக்கா மும்தாஜின் விஷயத்தை நான் உன்னிடம் சொல்லாமல் இல்லை. நோன்பு தொடங்கும் முன் நீ ஒருநாள் வந்துவிட்டுப் போனாயே, அப்போது சொன்னேன். பக்கத்து வீட்டு லூர்தம்மா பெங்களூரில் மகளோடு இருக்கப் போகிறாள், அவள் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன கால் தையல் மெஷினை விற்கப் போகிறாள், மும்தாஜுக்குக் கொடுத்தால் விலையில் குறைத்துக்கொள்வதாகச் சொல்கிறாள், உன் ஜக்காத்தை இந்த வருஷம் அக்காவுக்கே கொடுத்துவிடு என்றேன். கூடப்பிறந்தவள் கஷ்டப்பட்டால் அவளுக்குக் கொடுக்கலாம், அதுதான் முதலில் கொடுக்க வேண்டிய இடம். "சரிம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தையை அவள் நோன்பு முழுக்க வைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை லாரி விபத்தில் மவுத்தாகிப் போனதிலிருந்து அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. என்னோடு உட்கார்ந்து புளி தட்டுகிறாள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை நோண்டி எடுத்து அவள் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. அதில் புளி படும்போது எரிகிற எரிச்சலுக்கு நாங்கள் இரண்டு பேரும் பாட்டு மாதிரி ஒரு "ஸ்ஸ்" வைத்திருக்கிறோம். உனக்கு அது கேட்டிருக்காது, டி.வி. சத்தத்தில் எப்படிக் கேட்கும். அவளுக்குத் தையல் தெரியும். கையூசியிலேயே ரவிக்கை தைக்கிறவள். மெஷின் இருந்தால் புளிச் சட்டியைவிட்டு எழுந்துவிடலாம் என்று இருந்தாள். தினமும் சாயங்காலம் நோன்புக் கஞ்சியை லூர்தம்மா வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்த மெஷினை ஒருதரம் துடைத்துவிட்டு வருவாள். லூர்தம்மாகூடக் கேலி செய்தாள். "யக்கா, உங்க பொண்ணு தொடைச்சுத் தொடைச்சே மெஷினு இளைச்சுப்போச்சுங்க. வாங்குறப்ப எடை கொறையுதுன்னு சண்டைக்கு வராதீங்க."

பெருநாள் அன்று மாலை அவள் லூர்தம்மா வீட்டுக்குப் போகவில்லை. நீ பஸ் ஏறியபிறகு லூர்தம்மாவே வந்தாள். "என்னாடி மும்தாஜ், மெஷின் உன்னைக் காணலைன்னு அழுவுது" என்றாள். மும்தாஜ், "வேற யாராச்சும் கேட்டா குடுத்துடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். லூர்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டாள். "என்னாங்க யக்கா ஆச்சு? சேலத்து டெய்லரு ஒருத்தரு ஞாயித்துக்கெழமை வந்து எடுத்துக்கறேங்குறாரு. நான் என்னா சொல்லட்டும்?" நான் வேடிக்கையாக ஏதாவது சொல்லப் பார்த்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை. எனக்கே வேடிக்கை வராத நாள் என் வாழ்க்கையில் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பார். அதில் ஒன்றை நீ கொடுத்தாய்.

மறுநாள் காலையில் நேராகப் புளி மண்டிக்குப் போனேன். இந்த சீசன் முழுக்க தட்டித் தருகிறேன், கூலியில் முன்பணம் கொடுங்கள் என்றேன். மண்டிக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "என்னாங்கம்மா, பொண்ணுக்கு மறுபடியும் கல்யாணமா?" "ஆமாங்க. நல்ல மாப்பிள்ளை. காலு மட்டும் இருக்குது, வாயி கெடையாது" என்றேன். அவர் சிரித்து முடிப்பதற்குள் பணத்தை வாங்கி முடிந்துகொண்டு வந்துவிட்டேன். லூர்தம்மா சொன்ன விலையில் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள். கர்த்தர் பேரைச் சொல்லி எண்ணெய்ப் புட்டியையும், ஒரு டப்பா நிறைய நூல்கண்டும் சும்மாவே கொடுத்தாள். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வந்து நம் வீட்டு ஜன்னல் ஓரமாக வைத்தோம்.

மும்தாஜ் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தவள், குடத்தை இறக்காமலே நின்றாள். முகம் அப்படியே மலர்ந்தது. "தம்பி குடுத்தானாம்மா?" என்று கேட்டாள்.

அன்வர், இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். எப்போதும் சொல்வதைத்தான். போன பக்ரீதுக்கு நீ வரவில்லை, அவனுக்கு லீவு கிடைக்கலைடி என்றேன். அவளுக்கு உடம்பு முடியாமல் கிடந்தபோது நீ ஒரு கார்டுகூடப் போடவில்லை, என்னிடம் விசாரித்து எழுதியிருந்தான் என்றேன். உன் பேரில் நான் அவளுக்குக் கொடுத்த பிரியத்தை எல்லாம் மூட்டை கட்டினால் ஒரு மாட்டுவண்டி கொள்ளாது. அன்றைக்கும் "ஆமாடி" என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவள் உனக்காகக் கையேந்தி துஆ கேட்டிருப்பாள். ஊரில் நீ நல்ல தம்பியாக இருந்திருப்பாய். "இல்லடி, நான் வாங்குனேன்" என்றேன். குடத்தை இறக்கிவைத்தாள். பிறகு, "தம்பிக்கு இதப்பத்தி எழுதாதம்மா. அவனுக்கு என்ன கஷ்டமோ, பாவம்" என்றாள். அவள் எழுதாதே என்று சொன்னதால்தான் எழுதுகிறேன். அவள் உன்னைத் திட்டியிருந்தால் நான் உன் பக்கம் பேசியிருப்பேன்.

ஆகவே தெளிவாகத் தெரிந்துகொள். அந்த மெஷின் உன் ஜக்காத்தில் வராது. அது ஒரு தாய் தன் மகளுக்கு வாங்கித் தந்தது, அதற்கு வேறு பேர் கிடையாது. உன் ஜக்காத் கொடுக்கப்படாமல் அப்படியே உன்னிடம் இருக்கிறது. யாருடைய பங்கோ உன் வீட்டில் வந்து தங்கிப்போயிருக்கிறது, ஒருவேளை அந்த டி.வி. பெட்டிக்குள்ளேயே இருக்கிறதோ என்னவோ. ஓசூரிலேயே ஏழைகள் இருப்பார்கள், தேடிக் கொடு. அக்காவுக்குத்தான் தரவேண்டும் என்று தோன்றினால், மணியார்டரில் போடாதே, நேரில் வந்து அவள் கையில் கொடு. வாங்குவதும் வாங்காததும் அவள் இஷ்டம். வாங்கினால் நீ அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும், அவள் உனக்குச் சொல்லக்கூடாது. எனக்கு அனுப்புவது வேறு. அதை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல், அம்மாவுக்கு என்று மட்டும் நினைத்து எவ்வளவு குறைவாக அனுப்பினாலும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன். போஸ்ட்மேனுக்கு டீயும் வாங்கித் தருவேன்.

கடைசியாக ஒன்று. மெஷின் வந்த அன்றே உன் அக்கா உன் மகளுக்கு ஒரு கவுன் தைத்துவிட்டாள். கையில் சுருக்கம் வைத்து, கழுத்தில் பூ வைத்து, நன்றாகத்தான் இருக்கிறது. பெங்களூருக்குப் போகும் வழியில் லூர்தம்மா ஓசூரில் இறங்கி உன் வீட்டில் கொடுப்பாள். "தம்பி மகளுக்குத் தெச்சதுக்குக் கூலியாம்மா?" என்று இவள் என்னோடு சண்டை. ஆமாம், கூலிதான், மெஷினுக்கு முதல் போணி உன்னிடமிருந்துதான் வர வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். துணி என்னுடையது, அதை விட்டுவிடு. ஓசூரில் ஒரு டெய்லர் என்ன வாங்குவானோ அதை மும்தாஜ் பேருக்கு அனுப்பு. ஒரு பைசா குறைக்காதே. அது கூலி அன்வர். அதையும் ஜக்காத்தில் கழித்துவிடாதே.

அம்மா